பிடியரிசிக் கஞ்சி

சபையின் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னை எழுப்பிவிட்டபோது எழுந்து நின்றேனே தவிர, வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பொல்லாத்தனமாக யாரும் சிரிக்கவில்லை. உபதேசியாரின் சம்சாரம்தான், பேச வராவிட்டால் எழுதித் தாருங்கள், நான் வாசிக்கிறேன் என்றாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து தெரியும், எழுதிப் பழக்கமில்லை. கர்த்தர் எனக்குச் செய்ததை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கவும் மனம் வரவில்லை. ஆகையால் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவள் திருத்திக்கொள்ளட்டும்.

என் மகன் செல்லையன் மயிலாடியில் கல் கொத்துகிறவன். அம்மி, ஆட்டுரல், கோவிலுக்குத் தூண் எல்லாம் செய்வான். அவன் பெண்சாதி ஞானப்பூ இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்த சமயத்தில்தான் எனக்கும் வியாதி வந்தது. அவள் வயிறு பெருக்கப் பெருக்க என் வயிறும் பெருத்தது. நான் தலை நரைத்த விதவை. யாரிடம் போய் என்ன சொல்ல? குப்பாயச் சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டேன். மேலே ஒரு முண்டுத் துணியை எப்போதும் போர்த்திக்கொண்டேன். வெயில் கொளுத்துகிற மாசத்திலும் போர்த்திக்கொண்டு திரிந்தால் கண்ணில் படாமல் போகுமா? குளத்தில் துணி துவைக்கிற பெண்கள், மாமியும் மருமகளும் ஒரே நாளில் பெறுவார்கள் போலிருக்கிறதே என்று எனக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள். அன்றிலிருந்து நான் குளத்துக்கு விடியுமுன் போய் விடியுமுன் வந்துவிடுவேன்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து மகோதரம் என்றார். வயிற்றில் நீர் கட்டுகிற வியாதிக்கு அப்படிப் பேர். கஷாயம் தந்தார். குடித்தேன். வயிறு குறையவில்லை, கைகாலும் முகமும்தான் வற்றின. கடைசியில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் உறங்குவேன்.

ஒரு நாள் ஞானப்பூ என் குப்பாயத்தைத் துவைக்க எடுத்தவள், தையல் பிரித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து தன் வயிற்றோடு மெதுவாக உட்கார்ந்தாள்.

"மாமி, எனக்க வயித்துல இருக்கது பிள்ளை. ஒங்களுக்க வயித்துல இருக்கது என்னது?"

நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். அன்றைக்கே செல்லையனிடம் சொல்லிவிட்டாள்.

அவன் என்னை நாகர்கோவில் வரை மாட்டுவண்டியிலும், அங்கிருந்து மோட்டார் பஸ்ஸிலும் ஏற்றி மேற்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பஸ் குலுங்கின போதெல்லாம் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, பிள்ளைத்தாய்ச்சி நல்லா உட்காரட்டும் என்று இடம் விட்டார். பிறகு என் தலையைப் பார்த்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். செல்லையன் சிரிப்பை அடக்கினது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவர்களைப் பார்த்தபோது, உலகத்தில் இத்தனை நோயா என்று திகைத்தேன். கண்ணில் துணி கட்டினவர்கள், காலில் புண் வந்தவர்கள், தாடை வீங்கினவர்கள். மலையோரத்திலிருந்து வந்தவர்களும் கடற்கரையிலிருந்து வந்தவர்களும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ஒருவர் நின்று ஜெபம் பண்ணி, சுகமாக்குகிறவர் ஒருவர் உண்டு என்று கொஞ்சம் பிரசங்கமும் செய்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வெள்ளைக்கார டாக்டருக்கு முன் வயிற்றைத் திறந்து காட்ட வேண்டுமே என்கிற பயம்தான் வியாதியைவிடப் பெரிதாயிருந்தது.

அவர் ஒரு திரைக்குப் பின்னால் வந்தார். நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பானை வாங்குகிறவள் தட்டிப் பார்ப்பதுபோல அவர் வயிற்றின் மேல் இரண்டு விரலை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். அவருடைய தமிழ், வேதத்தை வாசித்துப் படித்த தமிழ். சாப்பிடு என்று சொல்ல மாட்டார், புசியும் என்பார். ரத்தம் என்று சொல்ல மாட்டார், உதிரம் என்பார். பிரசங்கபீடத்தில் கேட்கிற பாஷையில் ஒருவர் நாக்கை நீட்டும் என்று சொன்னால் எப்படியிருக்கும்? அந்தப் பயத்திலும் எனக்கு உள்ளே சிரிப்பு வந்தது.

அது மகோதரம் இல்லையாம். பெண்ணாய்ப் பிறந்தவர்களுக்குக் கர்ப்பப்பையின் இரண்டு பக்கத்திலும் புளியங்கொட்டை போல ஒரு சின்னப் பை உண்டு. சூல்பை என்பார்கள். அதில் ஒன்று நீர் கோத்து, பலூன் ஊதுவதுபோல வளர்ந்து வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது. மருந்துக்குக் கரையாது. கீறி எடுத்தால் பிழைப்பேன். விட்டால் அது நெஞ்சை நெருக்கி மூச்சை நிறுத்திவிடும். நர்ஸம்மா இதை எனக்குப் புரிகிற விதமாகச் சொன்னாள். கெட்டது என்றாலும் இன்னது என்று தெரிந்ததே ஒரு ஆறுதல். குளத்தங்கரைப் பெண்கள் முகத்தை இனிப் பார்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றிற்று.

ஆனால் உடனே கீற முடியாது என்றார். அதற்கு ஒரு சோதனை செய்தார்கள். விரல் நுனியை ஊசியால் குத்தி, ஒரு துளியை மையொற்றும் தாளில் ஒற்றினார்கள். இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை கட்டம் கட்டமாகச் சாயம் அடித்த ஒரு அட்டை அவர்களிடம் இருந்தது. தாளை அதன் பக்கத்தில் பிடித்து எந்தக் கட்டத்தோடு சேருகிறது என்று பார்ப்பார்கள். ஆரோக்கியமானவர்களுடையது செம்பருத்திப் பூ மாதிரி இருக்கும். என்னுடையது வெற்றிலை துப்பின தண்ணீர்போல இருந்தது.

"அம்மா, உமது உதிரம் மிகவும் சொற்பம்" என்றார் டாக்டர்.

காரணம் கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவர்களின் உள்ளங்கால் வழியே ஏறி, குடலில் கொக்கி மாட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிற பூச்சி. முதலில் மருந்து கொடுத்து அதைத் தள்ள வேண்டும். பிறகு நன்றாய்ச் சாப்பிட்டு ரத்தம் ஊற வேண்டும். தாளில் துளி சிவந்தால்தான் கத்தி வைப்பேன், இப்போது வைத்தால் மேசையிலேயே போய்விடுவீர் என்றார். அந்த மருந்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. குடலை உரித்து வெளியே எடுத்து அலசித் திரும்ப வைத்ததுபோல இருந்தது.

மற்ற நோயாளிகளுக்குக் கூடவே ஆள் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொட்டகையில் சமைத்துக் கொடுப்பார்கள். ஞானப்பூவுக்கு நாள் நெருங்கிவிட்டது. செல்லையனுக்கு வேலை. எனக்கு ஒருவரும் வேண்டாம் என்று நானே பிடிவாதமாக அனுப்பிவிட்டேன். அதனால் எனக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சி.

பக்கத்துக் கட்டிலில் சூசம்மா என்று ஒருத்தி இருந்தாள். கடற்கரைக்காரி, ரோமன் சபை, மீன் விற்கிறவள். கரைவலை இழுக்கப் போன இடத்தில் திருக்கை முள் பாதத்தில் ஏறி, புண் புரையோடி, காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். அவள் வாய்க்கு மட்டும் ஒரு கட்டும் இல்லை. நான் வந்த அன்றே என் பெயர், ஊர், புருஷன் செத்த விதம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் பத்து சொல்வாள். ராத்திரி எனக்கு மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கும்போது அவளும் விழித்திருந்து, எந்த மாசத்தில் எந்த மீன் கரைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் பயப்படாமலிருக்கத்தான் பேசுகிறாள் என்று பிறகுதான் புரிந்தது.

கஞ்சி கொண்டுவருகிறவள் தங்கம்மை, அருமனைப் பக்கத்துக்காரி. அங்கே போதுமா என்பதற்கு மதியா என்று கேட்பார்கள். ஒரு அகப்பை ஊற்றிவிட்டு, "மதியா அக்கா?" என்பாள். நான் உடனே மதி என்பேன். எனக்கு எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் முதல் அகப்பையிலேயே போதும் என்று சொல்லித்தான் பழக்கம். பசியா இல்லையா என்பது வேறு விஷயம். பிலா மரத்து இலையை மடக்கிக் கோட்டி ஈர்க்கு குத்தினதுதான் கரண்டி. தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், சில நாள் சிறுபயறு. மருந்தின் மயக்கம் தெளியாத நாட்களில் என்ன குடித்தேன் என்று தெரியாமலே குடித்தேன்.

மயக்கம் தெளிந்த பிறகு ஒரு மத்தியானம் கஞ்சியைப் பார்த்தேன். சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் கலந்து கிடந்தது. புழுங்கல் ஒன்று, பச்சை ஒன்று. ஒன்று குழைந்துபோயிருந்தது, ஒன்று நடுவில் கல்லாக இருந்தது. ஒரு வீட்டு அரிசி ஒருபோதும் இப்படி வேகாது. பல வீட்டு அரிசியை ஒரே பானையில் போட்டால்தான் இப்படி. அடுப்பு மூட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் பார்த்தவுடன் தெரியும். இது எங்கேயுள்ள அரிசி என்று தங்கம்மையிடம் கேட்டேன். சபைகளிலிருந்து வருகிற பிடியரிசிதான் என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

என் கையில் இருந்த இலைக் கரண்டி கீழே விழுந்தது.

பிடியரிசி என்றால் நம்மவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் போட அரிசி எடுக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்து அடுப்பங்கரையில் ஒரு கலயத்தில் போட்டுவைப்போம். கலயம் நிறைந்தால் கோவிலுக்குப் போகும். என் தாயார் வைத்தாள், நானும் கலியாணம் ஆன நாளிலிருந்து வைக்கிறேன். வீட்டில் அரிசியில்லாமல் கிழங்கு அவித்துத் தின்ற நாளிலும் என் தாயார் அந்தக் கலயத்தைத் தொட்டதில்லை. சின்ன வயதில் நான் அதிலிருந்து நாலு அரிசி எடுத்து வாயில் போட்டதற்கு, கர்த்தருடையதைத் தின்கிறாயா என்று கையில் அடித்தாள். அந்த அடி கையிலிருந்து போய்விட்டது, மனதிலிருந்து போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பிடியைக் கலயத்தில் போடும்போதெல்லாம் நான் மனதுக்குள், ஆண்டவரே, பார்த்துக்கொள்ளும் என்று சொல்வேன். செல்லையனுக்குக் காய்ச்சல் வந்தபோது பிடியைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். என் புருஷன் செத்தபோதும் வைப்பதை நிறுத்தவில்லை. ஞானப்பூ வீட்டுக்கு வந்த பிறகு, அவளுக்குக் கை சின்னது, பிடியும் சின்னதாய்ப் போகும் என்று அவள் வைத்ததற்கு மேல் நானும் கொஞ்சம் வைப்பேன். பரலோகத்தில் என் பேருக்கு ஒரு கலயம் நிறைந்துகொண்டிருக்கிறது என்றே எண்ணியிருந்தேன். இப்போது நான் கர்த்தருக்குக் கொடுத்ததையே திரும்ப வாங்கித் தின்றால், என் கலயம் காலியாகிக்கொண்டே வராதா? கத்தி வைக்கப்போகிற நேரத்தில் எதைக் காட்டி நான் அவரிடம் கேட்பது?

வாசிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாய்த் தோன்றும். எனக்கு அன்றைக்கு அது சாவைவிடப் பெரிய பயமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. தங்கம்மை ஊற்றினால் வாங்கி வைத்துக்கொள்வேன். எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் பாத்திரம் கழுவப் போகிறவள்போலப் போய், பின்னால் நின்ற வாழையின் அடி மூட்டில் கொட்டிவிடுவேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த அவலும் கருப்பட்டியும் துணியில் முடிந்திருந்தேன். அதில் ஒரு கை மென்று தண்ணீர் குடிப்பேன். அது தீர்ந்த பிறகு காலையில் கொடுக்கிற காப்பிதான்.

அடுத்த முறை விரலைக் குத்தினபோது துளி முன்னிருந்ததைவிட வெளுத்திருந்தது. டாக்டர் அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். புழு முழுவதும் போகவில்லை என்று எண்ணி அந்த மருந்தை இன்னொரு தரம் கொடுக்கச் சொன்னார். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மருந்து இல்லை. சொல்ல வெட்கம். அதையும் விழுங்கினேன். அந்த ராத்திரி சூசம்மா நொண்டிக்கொண்டே வந்து என் நெற்றியைப் பிடித்தாள். வயிறு மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் எலும்பாக, நான் நீட்டின கால்விரலைப் பார்த்தே எத்தனையோ நாளாயிற்று. செத்துப்போவேன் என்று அப்போது நிச்சயமாக நினைத்தேன். அதையும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சூசம்மாவுக்குக் கால் கொஞ்சம் தேறி, மத்தியானத்தில் பின் வராந்தாவில் உட்கார விட்டார்கள். மீன் விற்கிறவள் கண்ணுக்குக் காக்கை தப்புமா? கஞ்சி வேளைக்குச் சரியாக வாழை மூட்டில் காக்கைகள் வந்து காத்திருப்பதைக் கண்டாள். அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் புதிதாயிருந்தது.

மறுநாள் டாக்டர் வந்து விரலைக் குத்தினார். தாளைப் பார்த்தார். நர்ஸம்மாவிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னார். அவள் முகம் மாறிற்று. மகனுக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார், வீட்டுக்குக் கூட்டிப்போகட்டும் என்கிறார், இந்த ரத்தத்தோடு கீற முடியாது என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். வீட்டுக்குப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டினேன்.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து சூசம்மா பேசினாள்.

"டாக்டரய்யா, இவளுக்கு வயித்துல புழு ஒண்ணும் இல்ல. இவளுக்குள்ள கஞ்சியக் காக்கா தின்னுது."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நர்ஸம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, மெய்தானா என்று கேட்டாள்.  நான் அவள் காதில் முணுமுணுத்தேன். பிடியரிசி, கர்த்தருடையது, என் தாயார், கலயம் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவள் அதை டாக்டருக்குச் சொன்னாள். அவர் சிரிப்பார் அல்லது கோபிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.  தங்கம்மையைக் கூப்பிட்டு ஒரு பாத்திரம் கஞ்சி வரவழைத்தார். அதைத் தன் கையில் வாங்கி என்னிடம் நீட்டினார்.

"அம்மா, இதை வாங்கிப் புசியும்" என்றார்.

அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். வேறு விதமாக அவருக்குச் சொல்லத் தெரியாது.  கோவிலில் இராப்போஜனத்தின் போது போதகர் அப்பத்தை நீட்டிச் சொல்கிற வார்த்தையல்லவா அது. பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வாங்கினேன், ஆனால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சூசம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, ஒனக்க பிடியரிசியத் தின்னாக்கும் ஆண்டவரு உசிரோட இருக்காரு?"

"அது அவருக்குக் கொடுத்தது சூசம்மா."

"அவரு வாங்கிட்டாருல்லா? வாங்கினத அவரு ஆருக்கும் குடுப்பாரு. அதக் கேக்க நீ ஆருட்டி?"

பக்கத்துக் கட்டில்களில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்து எனக்குத் தோன்றினதை எழுதுகிறேன். நம்முடைய பாஷையில் வாங்குவது என்றால் இரண்டு உண்டு. சந்தையில் சக்கரக் காசு கொடுத்து உப்பு வாங்குகிறோம். கோவிலில் கையை நீட்டி அப்பம் வாங்குகிறோம். சொல் ஒன்றுதான். நான் அத்தனை வருஷமும் இரண்டையும் ஒன்று என்றே எண்ணியிருந்தேன். ரட்சிப்பு இலவசம் என்று எத்தனை பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து ஒரு பிடியைக் கலயத்தில் போட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளும் என்பேன். அது ஜெபமில்லை, வியாபாரம். அவர் எனக்காகத் தம்மைக் கொடுத்தது என் கலயம் நிறைந்த பிறகா? நான் பிறக்கிறதற்கு எத்தனையோ காலம் முன்பு. அப்போது என்னிடத்தில் அரிசியும் இல்லை, அதைப் பிடிக்கக் கையும் இல்லை.

பிலா இலையை எடுத்து வாயில் வைத்தேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது. ஒரு அரிசி குழைந்தும் ஒரு அரிசி நறுக்கென்றும் இருந்தது. ஒவ்வொரு வாயும் யார் வீட்டு உலையோ, எந்தப் பெண்ணின் கையோ என்று எண்ணிக்கொண்டே சாப்பிட்டேன். தங்கம்மை அகப்பையோடு வந்து நின்றாள்.

"மதியா அக்கா?"

"இன்னும் கொஞ்சம் ஊத்து மக்களே" என்றேன், வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல.

பிறகு கதை வேகமாக நடந்தது. இரும்புச்சத்து மருந்து ஒன்று தந்தார்கள், பல்லெல்லாம் கறுத்தது. சூசம்மா தன் தங்கை சமைத்துக் கொண்டுவருகிற மீன்குழம்பில் எனக்கும் பங்கு வைத்தாள். தானே முள்ளெடுத்துத் தருவாள். நான் தின்னுகிறேனா என்று கடைசி வாய் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். வாழை மூட்டுக் காக்கைகள் சில நாள் வந்து ஏமாந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டன. விரலைக் குத்திக் குத்தி ஒற்றின துளி ஒவ்வொரு கட்டமாக அட்டையில் ஏறிற்று. கடைசியில் டாக்டர் தாளை எனக்கே காட்டினார். செம்பருத்தி இல்லை, ஆனால் நல்ல சிவப்பு.

கீறுகிற நாளுக்கு முன்னால் செல்லையன் வந்தான். எங்கள் சபையின் பிடியரிசி மூட்டையை ஏற்றின வண்டியிலேயே வந்திருந்தான். கூடவே தான் கொத்தின ஒரு அம்மிக்கல்லையும் ஆஸ்பத்திரி அடுக்களைக்கென்று கொண்டுவந்திருந்தான். பண்டுவச் செலவுக்கு இயன்றதைக் கொடுத்தால் போதும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். எனக்கு இயன்றது கல்தான் என்றான். ஞானப்பூவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, இருவரும் சுகம் என்றான். அதைக் கேட்டு நான் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்குமுன், இன்னொன்று சொன்னான்.

"அம்மா, நீங்க வந்த பெறவு ஞானப்பூ தெனமும் ரெண்டு பிடி வைக்கா. பேறுகாலத்துலயும் தங்கச்சியளட்டச் சொல்லி வைக்கச் செஞ்சா."

என் பேருக்கும் வைக்கிறாளா, நான் இல்லாததனால் என் கணக்கு விட்டுப்போகக் கூடாதென்றா என்று கேட்டேன். அவன் விழித்தான்.

"கணக்கா? ஆஸ்பத்திரியில பிடியரிசிக் கஞ்சியாக்கும் ஊத்துவாவ, மாமி வெக்கப்பட்டுட்டு பாதியில மதின்னு சொல்லிருவாவ, ஒரு பிடி கூடக் கெடந்தா நல்லதுல்லான்னு சொன்னா."

 அவளுக்குக் கை சின்னது என்று நினைத்தவள் நான். நான் வருஷக்கணக்காகக் கோவிலுக்குப் போயும் கட்டிலில் கிடந்து படித்த பாடத்தை, அந்தப் பிள்ளை அடுப்பங்கரையில் நின்றே அறிந்திருந்தது. அவள் கொடுக்கும்போது கர்த்தரும் தெரிந்தார், கஞ்சி குடிக்கிறவளும் தெரிந்தாள். நான் கொடுக்கும்போது எனக்கு நான்தான் தெரிந்தேன்.

கீறுகிற அறையில் ஒரே வெளிச்சம். கத்திகள் தட்டில் வரிசையாயிருந்தன. பயம் இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.  கத்தி எடுக்குமுன் டாக்டர் எல்லாரையும் நிற்கவைத்து ஜெபம் பண்ணினார். நானும் ஜெபிக்கப் பார்த்தேன். வழக்கம்போலக் கலயம் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். ஆண்டவரே, கையை நீட்டுகிறேன், தருவதைத் தாரும் என்று மட்டும் சொன்னேன். பிழைத்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இரண்டும் அவர் கையிலிருந்து வாங்குகிறதுதானே. அந்த எண்ணம் வந்தவுடன் பயம் என்னை விட்டது. மூக்கின் மேல் துணி வைத்து குளோரோபாரம் சொட்டினார்கள். உணர்வு போக்குகிற மருந்து அது. அழுகின பழத்தைப்போல இனிப்பான ஒரு வாசனை. நர்ஸம்மாவின் குரல் தூரமாய்ப் போயிற்று.

விழித்தபோது வாந்தியும் தாகமும். தண்ணீர் தரமாட்டார்கள், பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள். வயிறு தீயாய் எரிந்தது. ஆனால் நான் மல்லாந்து படுத்திருந்தேன். மல்லாந்து படுத்தும் மூச்சு வந்தது. கழுத்தைத் தூக்கிப் பார்த்தேன். போர்வையின் கடைசியில் என் கால்விரல்கள் தெரிந்தன. அவற்றை ஆட்டிப் பார்த்தேன். ஆடின. எத்தனையோ நாள் காணாத சொந்தக்காரரைக் கண்டதுபோல அழுதேன். வெளியே எடுத்த கட்டி ஒரு பலாச்சக்கையளவு இருந்ததாம். பார்க்கிறீர்களா என்று நர்ஸம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். சூசம்மா நொண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நல்ல மொழுமொழுன்னு இருக்கு. பேரு வைக்காண்டாமா?" என்றாள். தையல் இழுக்கச் சிரித்தேன். இனி என்னைச் சிரிக்கவைக்கக் கூடாது என்று அவளை நர்ஸம்மா கண்டித்தாள்.

முதல் கஞ்சி தெளிவாய், உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். தங்கம்மை மதியா என்று கேட்டபோது மதி என்றேன். இந்த முறை வெட்கத்தினால் சொல்லவில்லை. வயிறு நிறையவில்லை, மனம் நிறைந்திருந்தது. உயிர் இருக்கிறது, மூச்சு வருகிறது, ஊரில் ஒரு பேத்தி இருக்கிறாள், கொடுக்கிறவர் இருக்கிறார். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? போதும் என்கிற சொல்லுக்கு இவ்வளவு ருசி உண்டென்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

சூசம்மா எனக்கு முன்னால் சுகமாகிப் போனாள். போகும்போது என் நெற்றியில் சிலுவை போட்டாள். நம்முடைய சபையில் அப்படிப் போடுகிறதில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். இப்போதும் ஆள் மூலமாகக் கருவாடு அனுப்புகிறாள். தின்றாயா என்று கேட்டனுப்புகிறாள்.

நான் வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் வாங்கினேன். இப்போது மடியில் இடம் இருக்கிறது. குளத்துக்கு எல்லாரும் போகிற நேரத்தில் போகிறேன். பிடியரிசியும் வைக்கிறேன், முன்னைவிட நன்றாகவே வைக்கிறேன். ஆனால் கலயத்தில் போடும்போது, பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதில்லை. ஏதோ ஒரு கட்டிலில் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். அவள் இரண்டாவது அகப்பையும் கேட்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஞானப்பூ கஞ்சிக்குக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டாம் தரமும் கூப்பிடுகிறாள். ஆறிப்போகுமாம். போய் வாங்கிக்கொள்கிறேன்.